நூற்று எழுபத்திரண்டாவது முள்

பொய்மீனைப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறவனுக்கு மீன் பிடிக்கும் தகுதி மட்டுமல்ல, பிள்ளை வளர்க்கும் தகுதியும் கிடையாது.

இதைத் தெராமுரா தொமொயா சொன்னது பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சரக்குக் கிடங்கின் சாப்பாட்டு அறையில், வாயில் பாதி சோற்றுருண்டையோடு. சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. இன்னும் ஆறு வாரத்தில் அவன் தகப்பனாகப் போகிறான்; மனைவி மிஹோகோ தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு, த்சுருகாவுக்குப் போயிருந்தாள். ஆகவே இந்த விஷயத்தில் கருத்துச் சொல்லும் முழு உரிமையும் தனக்கு வந்துவிட்டதாக அவன் நம்பினான்.

எதிரே உட்கார்ந்திருந்த இசாவா, வேலையில் அவனுக்கு மூன்று வருஷம் இளையவன், காலருகில் இருந்த பிளாஸ்டிக் கிரேட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தான். உள்ளே ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டிகள் பன்னிரண்டு, தலை நறுக்கப்பட்டு, நாலுக்கு மூன்றாக நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும், நிஜமீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் ஒரு பொய்மீன் தலைகீழாக நின்றது. கால் கிலோ எடை, ஒரு சாண் நீளம், நடுவே கீல் வைத்து நெளியும் பெரிய மீன்கள். வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"என்னடா இது, பால் பூத்தா?"

"தூண்டில் முள்ளு உள்ளயே நின்னுக்கும் தெராமுரா-சான். ஒண்ணோட ஒண்ணு சிக்காது, கையிலயும் குத்தாது. அப்படியே தூக்கி பால்கனியில வெச்சிரலாம். காசே கிடையாது. உங்களுக்கும் பன்னெண்டு கழுவிக் காய வெச்சுக் கொண்டாந்திருக்கேன்."

"ஏன்டா, பாஸ் மீன் என்ன கன்னுக்குட்டியா, பால் வாசனைக்கு ஓடி வர?"

"அது எனக்குத் தெரியாது. போன வாரம் மூணு வந்துச்சு." இசாவா சோயா சாஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தான். "உங்களுக்கு இந்த வருஷம் எத்தனை?"

"நான் எண்ணிக்கைக்காகப் பிடிக்கிறவன் இல்ல."

"அது சரி. எண்ணற வேலையே மிச்சம்."

தெராமுரா பதினொரு வருஷத்தில் எண்பத்தாறு பெரிய பொய்மீன் சேர்த்திருந்தான். அவற்றைக் கொண்டு ஏழு நிஜமீன் பிடித்திருந்தான். தன் சேகரிப்பின் தரத்துக்கு இதுவே சான்று என்பது அவன் கட்சி. இசாவா கொடுத்த பன்னிரண்டு அட்டைகளையும் அன்று மாலையே சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் பழைய அட்டைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டான். விரித்துத் தட்டையாக்கித்தான் போட வேண்டும் என்று அங்கே நின்ற பெண்மணி சொன்னபோது, இவை தன்னுடையவை அல்ல என்று விளக்கம் கொடுத்தான்.

அவன் வீட்டில் உபரியாக இருந்தது ஒரே ஒரு அறை. நாலரைப் பாய் விரித்த சின்ன அறை. அதுவரை அது பொய்மீன்களின் அறை. இனிமேல் குழந்தையின் அறை. மிஹோகோ கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். பிரசவமாகி, பெண் பிறந்து, நாகி என்று பெயர் வைத்த பிறகு போனில் மறுபடியும் சொன்னாள்.

"தொமோ, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அந்த ரூம்ல ஒரு முள்ளு கூட இருக்கக் கூடாது."

"இருக்காது."

"ஒண்ணுன்னா ஒண்ணு கூட. இருந்துச்சுன்னா நான் அங்க வர மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லல. போன வருஷம் உன் மீனு என் ஸ்டாக்கிங்ல மாட்டி, நான் ஒத்தக் கால்ல குதிச்சுக்கிட்டே ஆபீசுக்கு லீவு சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"அது நல்ல மீன். இன்னும் வெச்சிருக்கேன்."

"தொமோ."

"இருக்காது, இருக்காது."

முள் இருக்கக் கூடாது என்றுதான் சொன்னாள். மீன் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த இடைவெளியைக் கண்டுபிடித்த நாளில் தெராமுரா கிடங்கில் தனக்குத்தானே தலையசைத்துக்கொண்டே திரிந்தான். மற்றவர்கள் பொய்மீனுக்கு முள்ளோடு உறை தேடினார்கள். அவன் முள்ளையே கழற்றிவிடுவான்.

நவம்பர் கடைசி ஞாயிறன்று வேலை தொடங்கியது. சுவர் முழுக்கத் துளைப் பலகை அடித்தான். எண்பத்தாறு மீன், ஒவ்வொன்றின் வயிற்றிலும் வாலிலும் ஒன்றாக, மூன்று முனை கொண்ட இரண்டிரண்டு முட்கள். குறடால் வளையத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பத்துப் பத்தாகப் பையில் போட்டான். அறையில் குளிர் ஊசியாக இறங்கியதால், குல்லா தைத்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலை செய்தான். கழற்றியதைச் சுவரில் வரிசையாக மாட்டிக்கொண்டே வந்ததில், இடம் தீர்ந்து மூன்று மீன் மிஞ்சியது. குழந்தை மல்லாந்து கிடந்து பார்க்கட்டும் என்று அவற்றைக் கூரையிலிருந்து தூண்டில் நரம்பில் தொங்கவிட்டான். தொங்கவிட்ட பிறகுதான் அவற்றில் முள் இன்னும் இருப்பது ஞாபகம் வந்தது. அண்ணாந்து நின்றபடியே கழற்றினான். சாயங்கால வெயிலில் மூன்றும் மெல்லச் சுழன்றன. அழகாகத்தான் இருந்தன.

பிறகு எண்ணினான். பதினேழு பை நிறைந்தது. பதினெட்டாவது பையில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

மறுபடி எண்ணினான். நூற்று எழுபத்தொன்று.

அடுத்த வாரம் கிடங்கில் அவன் நொண்டி நடந்தான்.

"ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் இசாவா," என்றான், பார்சல் ஏற்றிக்கொண்டே. "ஒரு ரூம்ல ஒரு முள்ளு விழுந்துட்டா, எங்கடா போகும்?"

"யார் ரூம்ல?"

"ஒரு பேச்சுக்கு."

"குழந்தை ரூம்லயா?" இசாவா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். "மிஹோகோ-சான்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்ற அளவுக்குப் பெரிய விஷயமில்ல."

"அப்புறம் ஏன் முட்டி ரெண்டும் வீங்கிக் கெடக்கு?"

தெராமுரா அடுத்த பார்சலைத் தூக்கினான். எட்டு நாளாக அவன் முழங்காலில்தான் வாழ்ந்தான். நூறு யென் கடையில் வாங்கிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் பாய்மேல் கோடு கோடாக இழுத்தான். பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். ஒரு ஸ்டேப்ளர் பின் வந்தது. மிஹோகோவின் கொண்டை ஊசி ஒன்று வந்தது. முள் வரவில்லை.

"துணியெல்லாம் உதறிப் பாருங்க," என்றான் இசாவா. "முள்ளு தரையில கெடக்காது. துணியிலதான் ஒட்டும். எங்கிட்டயே இன்னும் ஒரு பத்து அட்டை இருக்கு, வேணும்னா..."

"அட்டைய நீயே வெச்சுக்கோ."

ஆனாலும் வீட்டுக்குப் போய் உதறினான். குழந்தையின் குட்டி மெத்தை, போர்வை, திரைச்சீலை, எல்லாவற்றையும் பால்கனியில் உதறினான். குளிர் தாங்காமல், அந்தக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உதறினான்.

சனிக்கிழமை இரவு மிஹோகோ போனில் கேட்டாள். "எல்லாம் எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"முள்ளு?"

"ஒண்ணு கூட இல்ல."

கணக்குப்படி இது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு உண்மை. போனை வைத்துவிட்டு மறுபடி முட்டி போட்டான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மாமனாரின் கார் வந்தது. மிஹோகோ குழந்தையை அணைத்தபடி முன்னால் வந்தாள். குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் த்சுருகாவுக்குப் போய்ப் பார்த்ததற்கு, நாகி இப்போது இரண்டு மடங்கு மனுஷியாகியிருந்தாள்.

"நாகி, இங்க பாரு, யாருன்னு சொல்லு. அப்பா! அப்பா பாரு."

அவள் அவனை அப்பா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இனிமேல் அவன் தொமோ இல்லை, அப்பாதான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஆகிறது. செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அறை வாசலில் மிஹோகோ நின்றாள். எண்பத்து மூன்று மீன்கள் சுவரிலிருந்து அவளைப் பார்த்தன.

"மீனெல்லாம் இங்கயேதான் இருக்கு."

"முள்ளு இல்ல. நீயே தொட்டுப் பாரு."

அவள் ஒன்றைத் தடவிப் பார்த்தாள். வயிற்றைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, அவன் எதிர்பார்க்கவே இல்லை, சிரித்துவிட்டாள். "உன்னை என்னதான் செய்யறது. நூறு தடவை யோசிச்சுருப்ப, இல்ல? பரவால்ல அப்பா, நல்லாத்தான் இருக்கு." தொங்கிக்கொண்டிருந்த மூன்றையும் விரலால் ஆட்டிவிட்டாள். அப்படியே குனிந்து குழந்தையை மெத்தையில் விடப் போனாள்.

"கீழ விடாதே!"

தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவனுக்கே தெரியாது. குழந்தை வீறிட்டது.

"என்ன? என்னாச்சு?"

"ஒண்ணு... எண்ணிக்கையில ஒண்ணு குறையுது."

மிஹோகோ மெல்ல நிமிர்ந்தாள். குழந்தையை இன்னும் மேலே தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். தன் கால்விரல்களைப் பார்த்தாள், ஒரு காலைப் பாயிலிருந்து எடுத்து நிலைப்படி மரத்தின்மேல் வைத்தாள்.

"எத்தனை நாளா?"

"பதினாலு நாள்."

"நேத்து கேட்டேன்."

"கேட்ட."

"என்ன சொன்ன?"

அவன் சுவரைப் பார்த்தான். அங்கேயிருந்து யாரும் உதவிக்கு வரவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. கொடு, நான் வாங்கிக்கிறேன் என்று குனிந்து கையை நீட்டினான். மிஹோகோ தோளைத் திருப்பிக்கொண்டாள்.

மாமனார் படியேறி வந்தபோது கையில் ஒரு பெட்டி ஆரஞ்சு வைத்திருந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். பெட்டியை வாசலில் வைத்து, எதற்கென்று தெரியாமலே இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, கார் சாவியை மறுபடி வெளியே எடுத்தார்.

மிஹோகோ செருப்பு மாட்டினாள். வாசலில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்ப்பலகைதான்: தெராமுரா. அதன் பக்கத்தில் நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலத் தலை தாழ்த்திச் சொன்னாள்.

"தொந்தரவு குடுத்துட்டோம். நீங்க உள்ள போங்க, குளிருது, தெராமுரா-சான்."

தொமோ என்றும் இல்லை. அப்பா என்றும் இல்லை. நீ என்றும் இல்லை.

நாலு மணி வரை அவன் ஆரஞ்சுப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிறகு, வேறு எதுவும் செய்யத் தோன்றாமல், துணி துவைக்கலாம் என்று கம்பளிச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றினான். காதை எதுவோ கீறியது. சட்டையைத் திருப்பிப் பார்த்தான். முதுகில் தொங்கும் குல்லாவின் மடிப்புக்குள், மூன்று முனையும் கம்பளியில் ஆழமாக மாட்டியபடி, அது இருந்தது. அண்ணாந்து நின்று கழற்றிய அன்று விழுந்திருக்க வேண்டும். பதினாலு நாளாக அவன் முழங்காலில் ஊர்ந்து தேடிய அறை முழுக்க அதுவும் கூடவே ஊர்ந்து வந்திருக்கிறது.

குனிந்து கையை நீட்டியதை நினைத்துப் பார்த்தான். குனிந்தால் குல்லா முன்னால் சரியும். குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்தால், கன்னம் படுகிற இடம் அதுதான்.

முள்ளை எடுத்து மேஜையில் வைத்துப் படம் பிடித்தான். 'கிடைத்துவிட்டது' என்று அனுப்பினான். அரை மணி கழித்து மிஹோகோவிடமிருந்து ஒரு சொல் வந்தது: 'எங்கே?'

அலமாரிக்கு அடியில் என்று அடித்தான். அழித்தான். பாயின் ஓரத்தில் என்று அடித்தான். அழித்தான். ஜன்னல் சட்டத்தில் என்பது நன்றாக இருந்தது, அதையும் அழித்தான். கடைசியில், 'என் குல்லாவில். காலையில் போட்டிருந்தேனே, அந்தச் சட்டை' என்று அனுப்பினான்.

அவள் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. இரண்டு நாள் வேறு எதையும் காட்டவில்லை. மூன்றாம் நாள் மதியம், கிடங்கில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

'தெரிவித்தமைக்கு நன்றி, தெராமுரா-சான். நாங்கள் இங்கு நலம்.'

"யாரு, ஆபீஸ் மெயிலா?" என்றான் இசாவா, அவன் முகத்தைப் பார்த்து.

"ஆமா."

"அட்டை வேணுமா?"

"வேணாம்டா."

அன்று மாலை வீட்டில், பாத்திரம் தேய்க்கும் பஞ்சைத் தேடிக் கழுவுதொட்டியின் கீழ் அலமாரியைத் திறந்தான். உள்ளே ஒரு கட்டு இருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்த மாதங்களில் மிஹோகோ தினமும் பால் குடித்தாள். ஒவ்வொரு அட்டையையும் கழுவி, வெட்டி விரித்து, காய வைத்து, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். மேலே ஒரு சீட்டு: 'தொமோ, சூப்பர்மார்க்கெட் தொட்டி, மறந்துடாதே.' அவன் மறந்துதான் போயிருந்தான். எண்ணினான். நாற்பத்தொன்று.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தான். ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தான். பழைய மடிப்பில் அது தானாகவே நாலு பக்கமாக நின்றது. வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டினான். அடியில் குறுக்காக இரண்டு ஒட்டினான். கூரையிலிருந்து ஒரு மீனை அவிழ்த்து வந்து, அந்த முள்ளை அதன் வயிற்றில் குறடால் மாட்டி, தலைகீழாக உள்ளே இறக்கினான். வால் மட்டும் வெளியே நின்றது. குலுக்கிப் பார்த்தான். எதுவும் வெளியே வரவில்லை. உள்ளங்கையை நாலு பக்கமும் வைத்து அழுத்திப் பார்த்தான். எதுவும் குத்தவில்லை.

ஆறாவது அட்டையில் டேப் தீர்ந்துவிட்டது. கம்பளிச் சட்டையை எடுத்தான். குல்லாவை வெளிப்புறமாகத் திருப்பி, விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.