கரைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று

என் தூண்டில் கடைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "நல்ல ராடு எது?" என்பதுதான். அதைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செருப்புக் கடையில் போய் "நல்ல செருப்பு எது?" என்று கேட்டுவிட்டு, காலைக் காட்டாமல் நிற்பார்களா? எங்கே நின்று பிடிக்கப் போகிறாய், என்ன மீன், எவ்வளவு தூரம் வீச வேண்டும் என்பது தெரியாமல் நான் எதை எடுத்து நீட்டுவது?

மணல் கரையில் நின்று அலைக்கு அப்பால் வீசுகிறவனுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். துறைமுகச் சுவரில் நிற்கிறவனுக்கு எட்டடி போதும். பாறை மேல் நிற்கிறவன் மீனைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதால் அவனுக்கு நீளமும் வேண்டும், உறுதியும் வேண்டும். படகில் போகிறவனுக்கு நீளம் எதற்கு? நேர் கீழே இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை. ஆறடிக்கும் குறைவான தடித்த ராடு, அதன் மேலே உட்கார்ந்து தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளை ரீல். கரையில் வீசுவதற்கென்றால் ராடுக்கு அடியில் தொங்கும் ரீல். எதுவானாலும் உப்புத் தண்ணீருக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். குளத்து ரீலைக் கடலுக்குக் கொண்டுபோனால் இரண்டே மாதத்தில் உள்ளே துரு ஏறி நறநறக்கும். முப்பத்து நான்கு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த முப்பத்து நான்கு வருடத்தில் என் மகள் கடைக்குள் வந்தது எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மீன் பிடிக்கிறவர்கள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்காக நானும் இருட்டிலேயே கடை திறந்துவிடுவேன். இரவு வீட்டுக்கு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஒன்பது வயதில் அவள் அம்மாவோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். என் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கட்டிக்கொண்டது ஒரு மனிதனை. கிடைத்தது ஒரு கடை.

மகளுக்கு இப்போது முப்பத்தொன்று. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, அங்கே மழையா. ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். போன மாசி மாதம் அவள் போன் செய்தபோதுதான் அதிசயம் நடந்தது.

"அப்பா, வேலை விஷயமா உங்க பக்கம் வர்றேன். நடுவுல ஒரு நாள் சும்மாதான் இருக்கேன். மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"வாம்மா" என்றேன். போனை வைத்த பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு ஒரு ஆளுக்கு மீதிப் பணத்துக்குப் பதிலாகத் தூண்டில் முள் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த நாள் முடியும்போது அவள் வாயிலிருந்து "அடுத்த தடவை" என்று ஒரு வார்த்தை வர வேண்டும். "அடுத்த தடவை வரும்போது", "அடுத்த தடவை பார்க்கலாம்", எப்படிச் சொன்னாலும் சரி. பத்து வருடம் கழித்து ஒரு நாள் வருகிறவள், அந்த நாள் நன்றாக இல்லை என்றால் இன்னும் ஒரு பத்து வருடம் வரமாட்டாள். எனக்கு அறுபத்து நான்கு.

எங்கே கூட்டிப் போவது என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மணல் கரை என்றால், வீசும்போது ஒருவர் முள் இன்னொருவர் காதில் மாட்டாமலிருக்கப் பதினைந்து அடி தள்ளி நிற்க வேண்டும். அலைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். நான் கத்திப் பேசினால் என்ன ஆகும் என்று அவள் அம்மா சொல்லியிருப்பாள். துறைமுகச் சுவரில் இருப்பவன் எல்லாம் என் கடை வாடிக்கைக்காரன். ஆளாளுக்கு ரீலைத் தூக்கிக்கொண்டு "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்து நிற்பான். பாறை வழுக்கும். மிஞ்சியது படகு. நாலு மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக முடியாது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையான காரணம் அதுதான்.

அதற்கப்புறம் ராடு. ஐந்தரை அடி, நுனி வளைந்து கொடுக்கும், அடி கல்லு மாதிரி நிற்கும். ரீல், கண்ணாடி அலமாரியில் நான் யாருக்கும் எடுத்துக் காட்டாமல் வைத்திருந்த ஒன்று. மேலே உட்காரும் வகை. புது நரம்பை நானே சுற்றினேன், ஈரத் துணியில் பிடித்து, ஒரு சுற்று மேல் ஒரு சுற்று ஏறாமல். இரண்டு தடவை மனசுக்குப் பிடிக்காமல் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினேன். எனக்கு என்னுடைய பழைய படகு ராடு போதும்.

வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவளை ஒரு நொடி எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் கையைக் காட்டினாள். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேரும் தயங்கி, கடைசியில் அவள் பையை நான் வாங்கிக்கொண்டேன்.

படகுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. வாயை மூடவே மாட்டார். துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் அவர் என் மகளிடம் எல்லாவற்றையும் கறந்துவிட்டார். கட்டடங்களில் லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் வேலையாம். கம்பி வடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் சீல் வைத்துவிடுவாளாம். நான் அவளை ஏதோ ஆபீஸ் எஞ்சினியர் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரி, சொல்லவே இல்லையே!" என்றார் ரேடியோ.

"சொன்னா நீங்க ஊர் பூரா ஒலிபரப்பிடுவீங்க" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது.

நங்கூரம் போட்டதும் ராடை அவள் கையில் கொடுத்தேன். இரையாகக் கணவாய்த் துண்டை மாட்டி, ஈயக்குண்டு தரையைத் தொடும் வரை நரம்பை விடச் சொன்னேன். விட்டாள். "இப்ப ரெண்டு சுத்து மேலே எடு" என்றேன். அவள் ராடைத் திருப்பி, ரீல் அடியில் தொங்கும்படி பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

கடையில் முட்டாள் கேள்வி கேட்கிறவர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருக்கிறேன். அது என்னைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"என்னம்மா இது? தலைகீழா பிடிச்சா எப்படி? ரீல் மேலே இருக்கணும்! இவ்வளவு கூடத் தெரியாதா?"

"இல்லப்பா, எனக்கு இடது கைலதான் சுத்த வரும். கைப்பிடி அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

"நீ வலது கையாலதானே எழுதுவே?"

"எழுத மட்டும்தான்பா. ஸ்கூல்ல மாத்திட்டாங்க. மத்ததெல்லாம் இடது."

ஊர் பேர் தெரியாத ஆள் வந்தாலும், ரீலைத் தொடுவதற்கு முன் நான் கேட்பது "எந்தக் கையால சுத்துவீங்க?" என்பதைத்தான். அடியில் தொங்கும் ரீல் என்றால் கைப்பிடியைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்ட அரை நிமிடம் ஆகாது. மேலே உட்காருவதை மாற்றவே முடியாது. இடது கைக்கென்று தனியாகச் செய்து வர வேண்டும். அன்று படகில் இருந்தது இரண்டு ரீல், இரண்டும் வலது கை. நரம்பை மூன்று தடவை சுற்றிப் பார்த்த எனக்குப் பெற்ற பிள்ளைக்கு எந்தக் கை என்று கேட்கத் தோன்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பரவாயில்லப்பா" என்றாள்.

வலது கையாலேயே சுற்றினாள், தடவித் தடவி. ஒரு நல்ல சங்கரா மாட்டியது. பாதி வழியில் அவள் கை தடுமாறி நரம்பு தளர்ந்தது, மீன் உதறிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் "பரவாயில்லப்பா". அப்புறம் ராடை ஓரமாக வைத்துவிட்டுப் படகின் விளிம்பை இறுகப் பிடித்தபடி தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோன ரொட்டியை நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினாள். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில். முகம் இறுகிக் கிடந்தது. கோபம் என்று தெரிந்துவிட்டது. எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டிவந்தவன் நான்தான். இப்போது எனக்கும் போக இடமில்லை. மீதி மூன்று மணி நேரமும் நான் மீனோடு மட்டும் போராடினேன், அதுவும் வரவில்லை.

பஸ் ஏறும்போது "ரொம்ப நன்றிப்பா" என்றாள். கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சொல்வது. நானும் கடைக்காரன் மாதிரியே தலையாட்டினேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பஸ் திரும்பும் வரை நின்று பார்த்தேன். அந்த வார்த்தை வரவில்லை.

அன்று சாயங்காலம் இரண்டு ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நரம்பை இறுக்கும் திருகைத் தளர்த்தி வைத்தேன். எப்போதும் செய்கிற வேலை. செய்து முடித்த பிறகு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், விலைப் பட்டியலை எடுத்துப் புரட்டினேன். அதே ரீல், இடது கைக்கு இருந்தது. மறுநாள் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"சார், அது கையிருப்பு இல்ல, செய்யச் சொல்லித்தான் வரவழைக்கணும். ரெண்டு மாசம் ஆகும். திருப்பி எடுத்துக்க மாட்டோம். உங்க கஸ்டமர் நிச்சயமா வருவாரா?"

"நிச்சயமா வருவாங்க" என்றேன். இவ்வளவு துணிச்சலாக நான் பொய் சொன்னதில்லை.

அந்த இரண்டு மாதமும் முதல் ஞாயிறு தவறாமல் அவள் போன் வந்தது. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா. படகைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரீல் வந்தது ஒரு வெயில் பொழுதில். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரித்து, கைப்பிடியை இடது கையால் சுற்றிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை, கோணலாகப் போயிற்று. அன்று படகில் அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். உடனே போனை எடுத்துவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "என்னாச்சுப்பா? உடம்புக்கு என்ன? ஆஸ்பத்திரியிலயா இருக்கீங்க?"

"ஒண்ணும் ஆகலம்மா. சும்மாதான் பண்ணேன்."

"சும்மாவா?" என்றாள். நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதையும் பூசி மெழுகத் தெரியாமல் போட்டு உடைத்தேன். "இடது கை ரீல் வந்திருக்கு. உனக்குத்தான் வரவழைச்சேன். அன்னைக்கு நான் கத்தினது தப்பு. உனக்கு எந்தக் கைன்னு கூடத் தெரியாம இருந்துட்டேன். நீ கோபப்பட்டது நியாயம்தான்."

"நான் எங்கப்பா கோபப்பட்டேன்? எனக்குப் படகு ஒத்துக்காது. ஏறின அரை மணி நேரத்துலேயே குமட்ட ஆரம்பிச்சிடுச்சு. வாயைத் திறந்தா வாந்தி வந்துடும்னுதான் பேசாம உட்கார்ந்திருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே! உடனே திருப்பியிருப்போமே!"

"நீங்க அவ்வளவு ஆசையா ஏற்பாடு பண்ணியிருந்தீங்க. எப்படிச் சொல்றது?" பிறகு சிரித்தாள். "அடுத்த தடவை கரையில நின்னே பிடிக்கலாம்பா. கால் தரையில இருந்தா நான் நல்லாத்தான் பேசுவேன்."

எனக்குள் இருக்கும் கடைக்காரனைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். "கரைன்னா பன்னிரண்டு அடி வேணும். உன் உயரத்துக்குப் பதினொண்ணு போதுமோ என்னவோ. எவ்வளவும்மா உன் உயரம்?"

"அஞ்சடி மூணு" என்றாள். அதற்குப் பிறகு, நான் கேட்காமலே, "தோள்பட்டையில வலி உண்டு, ரொம்பக் கனமா வேண்டாம். வெயில் ஆகாது, தலைவலி வரும். விடியக்காலம்னா சரி" என்றாள். நான் கையில் கிடைத்த ரீல் அட்டைப் பெட்டியின் மேலேயே ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன். பெற்று முப்பத்தொரு வருடம் கழித்து, என் மகளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அந்தப் பெட்டியில் நாலு வரி.

"மீட்டிங் இருக்குப்பா, வைக்கட்டுமா?" என்றாள்.

எப்போது வருவாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் "பார்க்கலாம்பா" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து, "வைம்மா" என்றேன்.