சிவப்பு மையில் நாலு வரி

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே ஆசிரியர் தன் கைப்பட, சிவப்பு மையில், குறைந்தது நாலு வரி கருத்து எழுத வேண்டும். 'நன்று' என்று கிறுக்கித் தள்ளினால் பெற்றோர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியை நோட்டுகளை வாங்கி வரிகளை எண்ணிப் பார்ப்பார். கட்டுரையை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

எனக்கு ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு நாற்பத்தாறு பேர், வாரம் ஒரு கட்டுரை. பெருக்கல் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அலுப்பாக இருக்கிறது.

முதல் பத்து வருடம் ஒழுங்காகத்தான் படித்தேன். சத்தியமாகப் படித்தேன். அப்புறம் கழுத்து எலும்பு தேய்ந்தது, கண்ணாடி தடித்தது, பொறுமை மெலிந்தது. போன வருடம் பள்ளி திறந்த புதிதில் என் தங்கை போனை நீட்டினாள்.

"அக்கா, இந்த ஏஐ ஆப்ல கட்டுரையப் படம் புடிச்சுப் போடு. அதுவே படிச்சுட்டு நாலு வரி அழகா எழுதிக் குடுத்துடும். எதுக்கு இப்படி மாடு மாதிரி உழைக்கிற?"

போட்டுப் பார்த்தேன். மூச்சு விடுவதற்குள் நாலு வரி வந்தது. கேட்டால், 'இப்படி எழுதியிருக்கலாம்' என்று ஒரு மாதிரிப் பத்தியும் தந்தது. அதை அப்படியே பார்த்துச் சிவப்புப் பேனாவால் நோட்டில் எழுதினேன். கையெழுத்து என்னுடையது, சட்டத்துக்குப் பங்கமில்லை. பாம்பும் செத்தது, தடியும் உடையவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை என் நோட்டுகளைத் தூக்கிக் காட்டி, "கருத்துன்னா இப்படி இருக்கணும்" என்றார். எனக்குக் கூச்சமாகக்கூட இல்லை. தூக்கம்தான் வந்தது.

இந்த வருடம் பள்ளிக்கூடம் ஒரு மென்பொருளை வாங்கியது. எழுதியது பிள்ளையா, செயற்கை நுண்ணறிவா என்று சதவீதம் போட்டுக் காட்டுமாம். பொறுப்பு கம்ப்யூட்டர் சாருக்கு. எண்பதுக்கு மேல் காட்டினால் ஆண்டுக் கட்டுரைக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் இறுதித் தேர்வு எழுத முடியாது, ஒரு வருடம் போச்சு. தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன், வெட்கம் கெட்டவள்.

முதலில் மாட்டியது வாய்ப்பூட்டு. வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவாள். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அவரைப் பற்றித்தான் ஆண்டுக் கட்டுரை எழுதியிருந்தாள். தொண்ணூற்று நாலு சதவீதம்.

"பாத்தீங்களா டீச்சர்? ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று கம்ப்யூட்டர் சார் தாளை என் மேசையில் போட்டார்.

படித்தேன். 'லிஃப்ட் என்பது வெறும் இயந்திரம் அல்ல. அது நம்பிக்கையின் பயணம்' என்று ஆரம்பித்து, முதலாவதாக, இரண்டாவதாக என்று நடைபோட்டு, 'மொத்தத்தில்' என்று முடிந்திருந்தது. பதினைந்து வயசுப் பெண் அப்பாவைப் பற்றி இப்படியா எழுதும்? சரி, இவளும் நம்மைப் போலத்தான் என்று நினைத்தேன். கோபம் கூட வரவில்லை. மறுநாள் காலை விசாரணை என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று கடைசி மணி அடித்ததும் அவள் ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு நீள நோட்டு.

"டீச்சர், நான் எதையும் பாத்து எழுதல. வீட்ல போனே கிடையாது. அப்பாகிட்ட இருக்கறது பட்டன் போன்."

"அப்புறம் எப்படி இந்த மாதிரி எழுத வந்துச்சு?"

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். ஒன்றரை வருடமாக நான் அவள் கட்டுரைகளுக்குக் கீழே எழுதிய சிவப்பு வரிகள், மாதிரிப் பத்திகள், அத்தனையையும் தேதி போட்டு எடுத்து எழுதி வைத்திருந்தாள். என் இன்னொரு வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டை வாங்கி அதிலிருந்தும் எழுதியிருந்தாள்.

"தினமும் காலைல ஒரு பக்கம் இதைப் பாத்து எழுதிப் பழகுவேன். இப்ப உங்கள மாதிரியே வந்துடுச்சு. அது தப்பா டீச்சர்?"

அந்த நோட்டில் என் சொல் என்று ஒரு சொல் இல்லை. உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டை மூடி அவள் கையில் திணித்தேன்.

"இதை நாளைக்குக் கொண்டு வராத. இதைப் பத்திப் பேசவும் வேணாம். நான் பாத்துக்கறேன், போ."

தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் என்னை நம்பிப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை அறையில் ஐந்து பேர் இருந்தோம். அவள் அப்பா வேலை உடையிலேயே வந்திருந்தார். கையில் கிரீஸ் இருந்ததால் நாற்காலியின் கையைத் தொடாமல், விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர் சார் ஒரு வெள்ளைத் தாளை அவளிடம் நீட்டினார். "இந்த ரூமைப் பத்திப் பத்து வரி எழுது, பாக்கலாம்."

எழுதினாள். நிறுத்தாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். சார் அதைத் தட்டச்சு செய்து மென்பொருளில் போட்டார். தொண்ணூற்றொன்று.

"நம்ம கண்ணு முன்னாடிதானே எழுதினா?" என்றார் தலைமையாசிரியை.

"மனப்பாடம் மேடம். எந்தத் தலைப்புக்கும் பொருந்தற மாதிரி உருப்போட்டு வெச்சிருக்கா." அவள் பக்கம் திரும்பினார். "எங்க கத்துக்கிட்ட இதை? வாயத் தொறந்து சொல்லு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான் பேசாதே என்று சொல்லியிருந்தேன், பேசவில்லை. இந்தக் காலத்தில் யார் பேச்சையும் யாரும் கேட்பதில்லை என்கிறார்கள். இவள் ஏன் கேட்டுத் தொலைத்தாள்?

அப்பா எழுந்துவிட்டார். "அம்மா, ஒரு வருஷம் போச்சுன்னா இவ படிப்பே போச்சும்மா. இன்னொரு வருஷம் வெச்சுப் படிக்க வைக்க என்னால ஆகாது, வேலைக்குத்தான் அனுப்பணும். இவ காலைல அஞ்சு மணிக்கு எழுந்து எழுதறத நான் பாத்திருக்கேன். சாமி சத்தியமா சொல்றேன்."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்றாங்க" என்று தலைமையாசிரியை பேனாவைத் திறந்தார்.

அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம். தங்கையின் மகனுக்கும் சேர்த்து வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். இதையெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மேடம், அவ என்கிட்டதான் கத்துக்கிட்டா."

"நீங்க என்ன மிஷினா டீச்சர்?" என்று சிரித்தார் கம்ப்யூட்டர் சார்.

"நான் மிஷின் இல்ல. ஆனா ஒன்றரை வருஷமா நோட்டுல எழுதினது நான் இல்ல. போன் எழுதிச்சு, நான் பாத்துப் பாத்து எழுதினேன். இவ அதை என் எழுத்துன்னு நம்பி எழுதிப் பழகிட்டா. நேத்தே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்."

தலைமையாசிரியை பேனாவை மூடினார். "நான் கூட்டத்துல தூக்கிக் காட்டினேனே, அதுவுமா?"

"அதுவும்தான்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் ஆபீஸ் காரியம். அவள் தேர்வு எழுதலாம் என்று கையெழுத்தானது. என் வகுப்புகளை வேறொருவர் பார்ப்பார், நான் விளக்கக் கடிதம் தர வேண்டும், நிர்வாகம் முடிவு செய்யும். உப்புத் தின்றால் தண்ணீர் குடிக்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நல்லவேளை, அவள் வருடம் பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு" என்றார். எனக்கு உடம்பு கூசியது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் படியிறங்கிப் போனார்.

அவள் போகவில்லை. சந்தோஷமும் படவில்லை. தாழ்வாரத்துச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"போன வருஷம் ஒரு கட்டுரைல வீட்டு விஷயம் ஒண்ணு எழுதியிருந்தேன் டீச்சர். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நீங்க கீழ, 'நீ சொன்னதைக் கேட்டேன், நீ தனியாக இல்லை'ன்னு எழுதியிருந்தீங்க."

திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அதுவும் நீங்க இல்லையா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவளும் தலையாட்டினாள், வகுப்பில் ஆட்டுவாளே, அதே மாதிரி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டுக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.