அண்ணன் பெயரைக் கேட்டார்கள்

என் வாய் சும்மா இருக்காது என்று அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றங்கரை முழுக்கத் தெரியும். அப்பேர்ப்பட்ட என்னையே விசாரணையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டு வாயடைக்க வைத்தார்கள்.

நாங்கள் இந்த ஆற்றங்கரைப் பழங்குடிகள். எங்கள் பாறைத்துறையில் மரப்பரண் கட்டி, வலை போட்டு சால்மன் மீன் பிடிக்கிறோம். அங்கேயே பிள்ளைகளுக்கு எங்கள் மொழியும் மீன்பிடியும் சொல்லித்தரும் பள்ளிக்கூடமும் நடக்கிறது. துறைமுகக் கம்பெனி ஒன்று, அந்தக் கரையை இருபது வருஷமாக யாரும் புழங்கவில்லை, அது கேட்பாரற்ற இடம் என்று மனுப் போட்டுவிட்டது. அடப்பாவிகளா! மற்றவர்கள் வந்து வந்து போனாலும், என் அண்ணன் ஒரு வருஷம்கூட விடாமல் அங்கே மீன் பிடித்தவர். பள்ளிக்கூடத்தைக் கட்டியதும் அவர்தான். போன குளிர்காலத்தில் இறந்துபோனார்.

இறந்தவர் பெயரை, வருஷம் திரும்பி நினைவுச் சடங்கு முடியும்வரை, நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் இறந்தவருக்கே தீங்கு. எழுதினாலும் சொன்னதுதான். சடங்கு இன்னும் வரவில்லை, அதனால் இங்கேயும் எழுதமாட்டேன்.

"அங்க மீன் பிடிச்சது யாரும்மா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.

"எங்க அண்ணன்."

"பேரு?"

"அந்தா உக்காந்திருக்காங்களே டெல்ஃபின் அண்ணி, அவங்க வீட்டுக்காரர்."

"பேரே இல்லாத ஆளா இருபது வருஷம் மீன் பிடிச்சாரு?"

கம்பெனி ஆட்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க வீட்டுச் சாவுக்கு எப்படி அழணும்னு நாங்க வந்து சொன்னோமா?"

எங்கள் ஊர்ப் பையனும் எங்கள் வக்கீலுமான ரூபன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

விசாரணை அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "உங்க வழக்கம் புரியுதும்மா. ஆனா பேர் பதிவாகலைன்னா அப்படி ஒருத்தர் இருந்ததாவே நான் எடுத்துக்க முடியாது. சாட்சி இன்னிக்கோட முடியுது."

"ஒரே ஒரு தடவை அத்தை," என்று ரூபன் கெஞ்சினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் முகங்கள் கண்முன் வந்தன. வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

அண்ணி எழுந்தாள். துக்க வருஷத்தில் கூட்டத்துக்கே வரக்கூடாதவள்.

"விடு. எம் புருஷன். நான் சொல்றேன்."

சொன்னாள். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

தட்டச்சு செய்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிக்கணும், காதுல சரியா விழல. எழுத்துக் கூட்டி இன்னொரு தடவை சொல்லுங்க."

அண்ணியால் முடியவில்லை.

அப்போது என் அம்மா எழுந்தாள். "இது எம் மருமக ஒருத்தி தலையில விழக்கூடாது," என்றாள். பெற்ற மகனை, பசிக்குச் சோறு போடக் கூப்பிடுவது போல, உரக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்து நான் சொன்னேன். ரூபன் சொன்னான். பின்வரிசை முழுக்க எழுந்து நின்று சொன்னது.

"பதிவாயிடுச்சு. போதும்," என்றார் அதிகாரி.

போன மாதம் தீர்ப்பு வந்தது. கரை எங்களுக்குத்தான். ஆனால் சாட்சி சொன்ன அன்றைக்கு வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பேர் சொன்னா, செத்தவங்க போற வழியில நின்னு திரும்பிப் பாப்பாங்கன்னு சொல்லுவாங்களே. இத்தனை பேர் கூப்பிட்டோம். நின்னிருப்பாரா?"

"நின்னிருந்தா நாம எல்லாரும் வந்திருக்கோம்னு பாத்துட்டு, நிம்மதியாப் போயிருப்பாரு அண்ணி."

நான் சொன்னதை நானே நம்பவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.