எங்கே வந்து உட்காருகிறது

லூர்துசாமி முள்ளைத் தூக்கி மறுபடியும் ரெக்கார்டின் ஓரத்தில் வைத்தபோது, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் என்ன என்று நஸ்ருதீனுக்குத் தோன்றியது. வாரம் முழுக்க ஜவுளிக்கடையில் நின்ற கால் ஞாயிற்றுக்கிழமையும் கடுத்தது. மடியில் அக்கார்டியன் வேறு கனத்தது. மஞ்சக்குப்பத்தில் லூர்துசாமியின் முன்னறையில் காலையிலிருந்து அந்த ஒரே இங்கிலீஷ் பாட்டுதான். சிதம்பரத்தில் ஒரு மாணவர் விடுதி விழாவுக்கு இவர்கள் மூவரின் மெல்லிசைக் கச்சேரியைக் கேட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு எதுவானாலும் சரி, இந்த ராக் பாட்டு மட்டும் கட்டாயம் வேண்டும் என்று ரெக்கார்டையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

லூர்துசாமியின் கிடாரில் மூன்றே பிடிதான், மூன்றே கார்டுதான் அந்தப் பாட்டு. மூணு கட்டை, ரெண்டு கட்டை, ஆறு கட்டை என்று சுற்றிச் சுற்றி வரும். இதில் பாட்டின் சுருதி எது என்பதில்தான் சண்டை.

"மொத அடியே மூணு கட்டையில விழுது. அப்ப அதான் சுருதி. இதுல என்னா யோசனை?" என்றான் லூர்துசாமி.

"கெளம்புற எடம் எப்படி மச்சான் வீடாவும்? எங்க வந்து நிம்மதியா உக்காருதோ அதான் வீடு. இது ஆறு கட்டையில உக்காருது," என்றான் நஸ்ருதீன்.

"எங்க உக்காருது? கடைசியில கேளு."

கடைசி என்று ஒன்று அந்தப் பாட்டில் இல்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் தேய்ந்து தேய்ந்து, தெருமுனை தாண்டிப் போன ஊர்வலம்போல இல்லாமல் போனது. முள் உரசும் ஒலி மட்டும் மிச்சம். நஸ்ருதீன் அக்கார்டியனில் ஆறு கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டுப் பார்த்தான். ஒட்டிப் போயிற்று. லூர்துசாமி மூணு கட்டையைப் பிடிக்கச் சொன்னான். அதுவும் ஒட்டியது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தெம்பில்லை.

"பாடறவன் நீ. நீ சொல்லுப்பா," என்றான் லூர்துசாமி, சன்னலோரம் சாய்ந்திருந்த தங்கராசுவிடம்.

தங்கராசு பண்ருட்டி–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். நாளெல்லாம் கத்திவிட்டு வந்தும் மைக் முன்னால் நின்றால் குரல் வெண்ணெயாக இருக்கும் என்று பேர் வாங்கியவன். இங்கிலீஷ் வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். கீழே எல்லாம் நன்றாகவே இருந்தது. உச்சிக்குப் போகிற இடத்தில் குரல் கிழிந்து வெறும் காற்று வந்தது.

"ரோட்டுத் தூசி," என்று இருமினான். மறுபடி பாடினான். அதே இடத்தில் அதேபோலக் கிழிந்தது.

நஸ்ருதீன் தலை குனிந்துகொண்டான். இது அவனுக்குப் புதிதில்லை. குறிஞ்சிப்பாடி கல்யாணத்திலும் அதற்கு முந்தின கச்சேரியிலும் தங்கராசு மேலே போகும்போதெல்லாம் அக்கார்டியனைப் பலமாக இழுத்து அந்தக் கிழிசலை மூடியவன் அவன்தான். மூடி மூடிக் கை ஓய்ந்துபோயிருந்தது. காலையிலிருந்து வீடு எது என்று அடித்துக்கொண்டதெல்லாம் வீண். சுருதிக்கு எந்தப் பேர் வைத்தாலும் அந்த உச்சி அதே உயரத்தில்தான் இருக்கப்போகிறது.

"ஒரு கட்டை எறக்கிக்கலாமே," என்றான் மெதுவாக.

"எறக்கினா, வெரல் வைக்காம அடிக்கிற அந்தத் திறந்த கம்பியோட சத்தம் போயிடும். பாட்டே அதான். கேக்கற பசங்களுக்குக் காது இல்லியா?" என்றான் லூர்துசாமி.

"அப்ப வேற ஆளப் பாத்துக்குங்களேன்," என்றான் தங்கராசு. கோபமே இல்லாமல் சொன்னான். டூட்டிக்கு நேரமாயிற்று என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். லூர்துசாமி ரெக்கார்டை உறைக்குள் போட்டான். அன்றைக்கு அதன் பிறகு யாரும் வாசிக்கவில்லை.

ஆனாலும் விழாவன்று மத்தியானம் தங்கராசு சிதம்பரத்துக்கு வந்துவிட்டான், சலவைச் சட்டையில். சினிமாப் பாட்டுகள் முடிந்து பையன்கள் அந்தப் பாட்டின் பேரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். தங்கராசு தண்ணீர் குடிக்க ஓரமாகப் போனான். லூர்துசாமி சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கிடாரின் முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகினான். திருகத் திருகக் கம்பிகளின் ஒலி இறங்குவது நஸ்ருதீனுக்குக் கேட்டது.

"எல்லாத்தையும் ஒரு கட்டை எறக்கிட்டேன். நீ பாத்து வாசி," என்றான் லூர்துசாமி, முகத்தைப் பார்க்காமல்.

தளர்ந்த கம்பிகள் கிடாரின் கழுத்தில் பட்டுப் படபடத்தன. ஒரு கம்பி படபடத்தாலே பாட்டை நிறுத்திவிடுகிற லூர்துசாமி பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தான். பழகாத கட்டைகளில் நஸ்ருதீனின் விரல்கள் இரண்டு இடத்தில் தடுமாறின. தங்கராசு முதல் வரியிலேயே ஒரு முறை திரும்பிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேலே போனான். குரல் கரகரத்தது, ஆனால் எட்டிவிட்டது. பையன்கள் பெஞ்சுமேல் ஏறி ஆடினார்கள். எதில் முடிப்பது என்று பேசி வைத்திருக்கவில்லை. லூர்துசாமி ஒன்றில் முடித்தான், நஸ்ருதீன் இன்னொன்றில். இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பஸ் புவனகிரி தாண்டியது.

"கம்பிய எறக்கிட்டீங்க இல்ல?" என்றான் தங்கராசு.

"வெயில்ல எறங்கியிருக்கும்," என்றான் லூர்துசாமி, வெளியே பார்த்தபடி.

"அப்படியா?" என்று தங்கராசு நஸ்ருதீனின் பக்கம் திரும்பினான். "இன்னும் எவ்வளவு எறக்குவீங்க, பாய்?"

நஸ்ருதீன் மடியிலிருந்த அக்கார்டியனின் வாரை இழுத்து மாட்டினான். கடலூருக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். வெளிச்சம் மங்கி, வயல்மேல் சாம்பல் படிந்ததுபோல இருந்தது. கூட்ஸ் வண்டி வந்தது. பஸ்ஸின் தகரமெல்லாம் அதிர, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. நஸ்ருதீன் பார்த்தான்: அந்தச் சத்தத்துக்குள் தங்கராசுவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பேசுகிறானா, அந்த உச்சியைப் பாடிப் பார்க்கிறானா, தெரியவில்லை. குனிந்து காதைக் கொடுத்தும் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போனபோது தங்கராசு வாயை மூடிக்கொண்டு, திறக்கிற கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.