அடுத்த வசனம்

சபையில் அவனுக்குப் பொறுமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதைச் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ரொட்டி ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்துக்கு வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்துவிட்டு, அதற்குக் காரணமானவனை ஒரு வார்த்தைகூட ஏசாமல், ஞாயிறுதோறும் அவனுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார்: "நம்ம பொறுமை அண்ணனைப் பாருங்க."

எல்லோரும் திரும்பி முகத்தைப் பார்த்தார்கள். உள்ளே பார்த்திருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பார்கள்.

காரணமானவன் அந்நியன் அல்ல, தங்கையின் புருஷன். அதே ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். மூடியைத் தூக்கினால் இயந்திரம் தானாக நிற்க வேண்டும். அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருந்தது. அது அடிக்கடி மக்கர் செய்து வேலையைக் கெடுக்கிறது என்று ஃபிட்டர் அதைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டான். கட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. பொறுமை மூடியைத் தூக்கினான், ஓரத்தில் ஒட்டியிருந்த மாவை வழிக்கக் கையை விட்டான். அவ்வளவுதான். விசாரணையில் ஃபிட்டர், "கட்டினது அவர்தாங்க, சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போக" என்று வாய் கூசாமல் சொன்னான். ஆலைக்கும் அதுதான் சௌகரியம். விரலும் போயிற்று, வேலையும் போயிற்று. இப்போது ஒரு கடைத்தொகுதியின் வண்டி நிறுத்துமிடத்தில் மாலை வேளைகளில் சீட்டுக் கிழிக்கிறான்.

தங்கை புருஷன் பக்கம் நின்றாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டாள்: "செஞ்ச தப்பை ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க அண்ணே?" விரல் போன இடம் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

அந்த நாட்களில்தான் அவன் கைக்கு அந்த வசனம் அகப்பட்டது. பழிவாங்குவது உன் வேலையல்ல, அதை என்னிடம் விட்டுவிடு, பதில் செய்கிறவன் நான் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிற இடம். வாக்குத்தத்தம் என்றால் மற்றவர்கள் வீடு, வேலை, பிள்ளை என்று தேடிப் பிடித்துக்கொள்வார்கள். பொறுமை இதைப் பிடித்தான். உடும்புப்பிடி. "உம்மகிட்ட விட்டுட்டேன் ஆண்டவரே, நீரே பாத்துக்கும்" என்று முழங்காலில் நின்று ஒப்படைத்தான்.

ஒப்படைத்தானே தவிர, உலை கொதிக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பார்க்கிற அவசரக்காரனைப் போல வாராவாரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபிட்டர் இளைத்திருக்கிறானா? இருமுகிறானா? பிடரியில் புதிதாக ஏதாவது கட்டி தெரிகிறதா? ஃபிட்டர் புதுச் சட்டை போட்டு வந்த ஞாயிறுகளில் பொறுமைக்குத் திருவிருந்து அப்பம் தொண்டையில் இறங்காது. ஏன் ஆண்டவரே இவ்வளவு தாமதம் என்று மனசுக்குள் முறைப்பான்.

கடைசியில் ஃபிட்டர் விழுந்தான். ஆலையில் ஏணியிலிருந்து, இரண்டு கையும் முறிந்துவிட்டன. செய்தியைக் கேட்டதும் பொறுமை "ஐயோ பாவம்" என்றான். வாய் சொன்னது. அந்த ஞாயிறு துதிப் பாட்டில் அவன் குரல் கூரையைப் பிய்த்தது. "ரொம்ப நாளைக்கப்புறம் பரிசுத்த ஆவியில நிறைஞ்சிருக்கீங்க" என்று போதகர் தோளைத் தட்டினார். அது எந்த ஆவி என்று மனைவிக்கு மட்டும் தெரியும்.

தங்கை வீடு தேடி வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை; காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு.

"காலையில நான் ஊட்டிட்டுப் போயிடுவேன். மத்தியானம்தான் ஆள் இல்ல. நீங்க பகல்ல வீட்டுலதானே இருக்கீங்க."

"நானா?"

"உங்ககிட்ட வந்து நிக்கணும்னு எனக்கு என்ன ஆசையா? வேற நாதி இல்ல."

"அவனுக்கு ஊட்டுறதுக்கு இந்தக் கைதான் கெடைச்சுதா?" என்று வலது கையை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். அவள் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனாள்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். "உங்க வசனம் எங்க முடியுது தெரியுமா?"

"முடியுற எடத்துல முடியுது. நீ உன் வேலையைப் பாரு."

"இத்தனை வருஷமா அந்தப் பக்கத்தையே திறந்து வெச்சு நெஞ்சுல அணைச்சுக்கிட்டு இருக்கீங்க. ஒரு வரி கீழ கண்ணு போகல. எதிரிக்குப் பசிச்சா சோறு போடு, தாகம்னா தண்ணி குடுன்னு இருக்கு. ஒட்டுன மாதிரி அடுத்த வசனம்."

"அது எல்லாருக்கும் பொதுவா சொன்னது."

"ஓஹோ! பழிவாங்குறேன்னது உங்களுக்குன்னு தனியா சொன்னது. சோறு போடச் சொன்னது மட்டும் ஊருக்குப் பொதுவா சொன்னதா?"

மனைவி விடவில்லை. "மிச்சத்தையும் கேளுங்க. அப்படிச் செஞ்சா அவன் தலையில நெருப்புத் தணலைக் குவிச்ச மாதிரின்னு போட்டிருக்கு."

பொறுமை நிமிர்ந்தான். "தணலா?"

"தணல்தான்."

"தலையிலயா?"

மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் அவன் தங்கை வீட்டுப் படியேறினான்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீடு. ஜன்னலோரக் கட்டிலில் ஃபிட்டர் இரண்டு மாவுக்கட்டுக் கைகளையும் தலையணைகள் மேல் நீட்டி, சலவை செய்து காயப்போட்ட துணி போலக் கிடந்தான். மூடிய பாத்திரத்தில் சூப்பும் ரொட்டியும் இருந்தன.

"வா மச்சான். வேடிக்கை பாக்க வந்தியா?"

"ஊட்ட வந்தேன்."

"விஷம் கிஷம் கலந்துட்டியா?"

"சமைச்சது உன் பொண்டாட்டி. கலந்திருந்தா அது அவ கைவரிசை."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கரண்டியை இடுக்கிக்கொண்டு பொறுமை ஊட்டினான். கை கிட்டே வரும்போது ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வொரு வாய்க்கும் மூடினான். அதைக் கண்டுகொண்டதும் பொறுமைக்கு விளையாட்டு பிடிபட்டது. கரண்டியை மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவான். மற்றவன் கண்ணைத் திறக்கும்வரை காத்திருப்பான். வெட்டுப்பட்ட விரல்களின் மொட்டைகளை நன்றாகப் பார்த்த பிறகுதான் வாய்க்குள் விடுவான். வசனத்தில் சொன்ன தணல் இதுதான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. தினமும் வந்தான். ஒரு நாளும் தவறவில்லை. சபையில் செய்தி பரவி, அவன் புகழ் கோபுரத்துக்கு ஏறியது.

ஃபிட்டரும் சும்மா இருப்பவன் இல்லை. "மச்சான், சூப்புல உன் புண்ணியம் ரொம்பத் தூக்கலா இருக்கு, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்பான். "உன் நாக்கும் முறிஞ்சிருந்தா கடவுள் வேலை சுத்தமா முடிஞ்சிருக்கும்" என்பான் பொறுமை. இப்படியே போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் பாதிப் பாத்திரம் காலியான நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஆலையிலிருந்து வந்த விசாரணை அதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். ஃபிட்டரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க ஒரு நிமிஷம்" என்று பொறுமையைக் கதவுக்கு வெளியே அழைத்துக்கொண்டு போனார். கதவு திறந்தே கிடந்தது.

"ஏணிப்படி முறிஞ்சுதுன்னு இவர் சொல்றார். கயிறு மாட்டாம ஏறினார்ங்கிறது எங்க பக்கம். அவர் பழக்கமே அப்படித்தான், பாதுகாப்பை எல்லாம் கழட்டி எறியுற ஆள்னு கூட வேலை பாத்த ஒருத்தர் சொன்னா போதும், முடிஞ்சுது." குரலை இன்னும் தணித்தார். "உங்க கை போனதுக்கும் இவர்தானே காரணம்? அன்னிக்கு அந்த ஸ்விட்சைக் கட்டினது இவர்னு நீங்க சொன்னதை யாரும் கேக்கல. இப்ப நாங்க கேக்குறோம்."

முடிந்தால் என்ன ஆகும் என்று பொறுமைக்குத் தெரியும். ஃபிட்டருக்கு வேலை போகும், வைத்தியச் செலவும் அவன் தலையில் விழும். தனக்கு நடந்தது அப்படியே, அச்சுப் பிசகாமல். அதற்கு ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். இத்தனை வருஷம் காத்திருந்த பதிலைக் கடவுள் தட்டில் வைத்து நீட்டிவிட்டாரா?

தட்டை நீட்டுகிற கையைப் பார்த்தான். அன்றைக்குப் பொய்யை வைத்துத் தப்பித்த ஆலை, இன்றைக்கு உண்மையை வைத்துத் தப்பிக்க ஆள் அனுப்பியிருக்கிறது.

"முறிஞ்ச ஏணியைப் பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"அது... அதை மாத்திட்டாங்க."

"மாத்திட்டீங்க."

"ஐயா, நமக்கு எதுக்கு அது? உங்க விஷயத்தைச் சொல்லுங்க."

ஆலையின் யோக்கியதை தெரிந்த பிறகும் நாக்கு துடித்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆலை எக்கேடு கெட்டால் என்ன, ஃபிட்டர் ஒழிவான் அல்லவா? ஆனால் பதில் செய்கிறவன் நான் என்று கடவுள் சொன்னாரே தவிர, நேரம் வரும்போது உன்னைக் கூப்பிடுகிறேன், நீ வந்து செய்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அவர் வாக்கு மெய்யென்றால் இந்த வாசலில் எனக்கு வேலை இல்லை. மெய்யில்லையென்றால் இத்தனை ஞாயிறும் நான் படுமுட்டாள். இரண்டில் ஒன்றுதான். முட்டாள் என்று ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. அதற்கு மேல் பெரிய விசுவாசம் எதுவும் அப்போது அவனிடம் இல்லை.

"என் கையைப் பத்திச் சொல்ல வேண்டியதை அப்பவே உங்க ஆபீஸ்ல உக்காந்து, ரத்தக் கட்டோட சொன்னேன். திரும்பச் சொல்ல மாட்டேன். ஏணியில நான் இல்ல. போயிட்டு வாங்க."

"நல்லா யோசிச்சு..."

"படி வழுக்கும். பாத்து இறங்குங்க."

உள்ளே வந்து கரண்டியை எடுத்தான். ஆத்திரத்தில் அதைப் பாத்திரத்துக்குள் குத்தினான். ஃபிட்டர் கரண்டிக்கு வாயைக் காட்டாமல் அவனையே பார்த்தான்.

"ஏன் சொல்லல?"

"இரக்கம்னு நெனைச்சுடாத. உன் மூஞ்சியப் பாத்தா இப்பவும் எனக்குக் குமட்டுது."

"அப்புறம்?"

"உன் விஷயத்தை வேற ஒருத்தர்கிட்ட குடுத்தாச்சு. குடுத்ததைப் பிடுங்க எனக்கு வெக்கமா இருக்கு. வாயைத் தொற, ஆறுது."

ஃபிட்டர் திறந்தான், சூப்புக்காக அல்ல. "கட்டினது நான்தான்."

இந்த வார்த்தை வரும் நாளுக்கென்று பொறுமை பதில்களைச் சேர்த்து வைத்திருந்தான். குளிக்கும்போது, சீட்டுக் கிழிக்கும்போது எல்லாம் சொல்லிப் பார்த்தவை. ஒவ்வொன்றும் ஆளைக் கூறுபோடும். இப்போது ஒன்றும் வரவில்லை. மகிழ்ச்சியும் வரவில்லை. இவ்வளவுதானா என்றுதான் இருந்தது.

"என் தங்கச்சிகிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன்." ஃபிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சொன்னா என்னை விட்டுப் போயிடுவா."

பாத்திரத்தை அவன் தலையில் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பொறுமை பாத்திரத்தைப் பார்த்தான். பிறகு ரொட்டியை நனைத்து எடுத்தான். "தொற" என்றான். இந்த முறை கரண்டியை மூக்குக்கு நேரே நிறுத்தவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை.

கடைசி வாய் ஊட்டும்போது தங்கை மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ஆலை ஆள் வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொல்லியிருக்கிறாள். சோப்பு வாடை அடிக்கும் சீருடையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

பொறுமை ஃபிட்டரின் வாயைத் துண்டால் துடைத்தான்.

"கேக்குறேன்ல? இதுக்குத்தான் தினம் தினம் வந்தீங்களா? கரண்டியால ஊட்டிக்கிட்டே குழி வெட்ட வந்தீங்களா? செஞ்ச தப்பை ஒத்துக்காத ஆளு, அடுத்தவன் குடும்பத்தைக் கெடுக்கத்தானே வருவீங்க!"

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று பேசிய அதே குரல். பொறுமையின் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. சொன்னால் இந்த அறையில் இன்றோடு எல்லாம் முடியும். அவன் ஃபிட்டரைப் பார்த்தான். ஃபிட்டர் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொறுமை பாத்திரத்தைக் கழுவி வைத்தான். செருப்பை மாட்டினான்.

"போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க!"

"அவரை ஒண்ணும் சொல்லாத." ஃபிட்டரின் குரல்தான், கம்மிப்போய் வந்தது. "அவர் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம். சொல்லல."

"எதை?" என்றாள் தங்கை.

பொறுமை வெளியே வந்து கதவைச் சாத்தினான். காதை வைத்தால் கேட்கும், மெல்லிய பலகைதான். அவள் மறுபடியும் "எதைங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. நிற்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று அவனுக்குத்தான் தெரியும். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். முதல் மாடியில் யாரோ துடைத்துவிட்டுப் போன தண்ணீர் காயாமல் கிடந்தது. அதில் கால் வழுக்காமல் பார்த்து வைத்து, வேலைக்குப் போனான்.