நாற்பத்தோராவது வீடு

கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டி ஓட்டி மகேசன் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இதுதான் எங்கட ஒழுங்கை. இதில கிணறு, அங்கால பள்ளிக்கூடம். ஆனந்தராசா அண்ணை ஒண்டையும் விடேல்லை.”

நியூசிலாந்தில், மனுகாவின் இறுதிச்சடங்கு மண்டபத்தில், ஆனந்தராசா கிடந்த பெட்டிக்குப் பக்கத்தில் வரைபடத்தை நிறுத்திவைத்தவன் மகன் வசீகரன். அப்பாவின் அலுமாரியில் கிடந்தது. கையால் வரைந்து, வீடுகளுக்கு இலக்கம் மட்டும் போட்டிருந்தது. அப்பாவின் ஊர் என்று அவனே முடிவுகட்டிவிட்டான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஓக்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை ஊரை எங்கே கண்டது?

அம்மா ரதிதேவிக்கு மட்டும்தான் தெரியும். அது யாழ்ப்பாணமே இல்லை. சோவியத் நாட்டுக்குப் புவியியல் படிக்கப் போன மனுஷன், அங்கே வோல்கா நதிப் பக்கத்துச் சுவாஷ் மக்களின் கிராமங்கள் ஏன் ஓடைப் பள்ளங்களை ஒட்டியே முளைத்தன, ஒரு கிராமம் பெருத்ததும் எப்படிப் பிரிந்து அடுத்த பள்ளத்தில் குடியேறியது என்று இரண்டு வருடம் நடந்து அளந்து கீறியது. இங்கே வந்து இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினார். படித்த படிப்பில் மிஞ்சியது இந்த ஒரு தாள்தான். எங்கட ஊரையும் ஒருக்கால் கீறித் தாங்கோவன் என்று அவள் கேட்டதுண்டு. பென்சிலை எடுத்தார், ஒரு கோடு இழுத்தார், வைத்துவிட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்குள் நாலைந்து பேர் கூடி ஆளுக்கொரு வீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். சாந்தகுமாரி பிள்ளையார் கோயிலைக்கூடக் கண்டுவிட்டாள். ரதிதேவிக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

“பெட்டிக்குள்ள வைப்பம்,” என்றார் மகேசன். “ஊரோட போகட்டும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். சட்டத்தைக் கழற்ற அவர் ஸ்க்ரூ டிரைவர் தேடிப் போனார்.

வசீகரன் அவளருகில் வந்து குனிந்தான். “அம்மா, எங்கட வீடு எது?”

முப்பது வயதில் முதல் தடவையாகக் கேட்கிறான். அவள் எழுந்து போய், பள்ளத்தின் விளிம்பில் கடைசியாக நின்ற நாற்பத்தோராம் இலக்கத்தைத் தொட்டாள்.

“அப்பா வாடகைக்கு இருந்த வீடு இது. மாரியில கதவு மூடுற அளவுக்குப் பனி கொட்டுமாம். மண்வெட்டியால வெட்டித்தான் வெளிய வாறதாம்.”

“ஸ்னோவா?”

“ஓம்.”

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சற்றுத் தள்ளி, கிணற்றடி வீடு யாருடையது என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

“இவையளுக்குச் சொல்லவோ?”

“வேண்டாம். அவையளுக்கு வீடு கிடைச்சிட்டுது. இருக்கட்டும்.”

மகேசன் திரும்பி வந்தபோது படம் வசீகரன் கையில் இருந்தது. இது அம்மாவோடு இருக்கட்டும் மாமா என்று மட்டும் சொன்னான்.

எல்லாம் முடிந்து புறப்பட்டபோது, காரில் அவள் படத்தை மடியில் வைத்திருந்தாள். வசீகரன் சீட் பெல்ட்டை இழுத்து, படத்தையும் சேர்த்து மாட்டிவிட்டான்.