இஸ்திரி மேசைத் துணி

என் மாமனார் கப்பற்படையில் பதினெட்டு வருடம் கொதிகலன் அறையில் வெந்தவர். நீராவிக் குழாய்களில் சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது வேலை. அந்தத் தூசியைச் சுவாசித்ததில் இப்போது நுரையீரல் உறையில் புற்றுநோய். டாக்டர் சொன்னதும், "சிகரெட்டை விட்டது வீணாப் போச்சே" என்றார். மனிதருக்கு வாய் மட்டும் பழுதாகவில்லை.

நோய் கப்பலில் வந்ததுதான் என்று மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால்தான் படை மருத்துவமனையில் சிகிச்சை. பதிவேட்டிலோ அவர் ஸ்டோர் கிளார்க். ஆள் பற்றவில்லை என்று கீழே கொதிகலன் அறைக்கு இறக்கிவிட்ட புண்ணியவான்கள் அதை எழுத மறந்துவிட்டார்கள். கப்பலை உடைத்து விற்றாயிற்று. கூட இருந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆதாரம் கேட்டு மூன்று முறை திருப்பியனுப்பியதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான்காம் முறை, மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது மாமனார், மாமியாரின் இஸ்திரி மேசையை உரித்தார். அதில் முப்பது வருடமாகக் கிடந்த தடித்த சாம்பல் துணி கப்பலில் அவர் சுட்டது. தீப்பிடிக்காதே என்று கல்யாணமான புதிதில் மனைவிக்குக் கொண்டுவந்த பரிசு. கொதிகலன் அறையில் துணி வாங்குகிறவர் அதன் மூலையிலேயே அழியாத மையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கப்பல் முத்திரை, அறை எண், கையெழுத்து, மூன்றும் அப்படியே இருந்தன. திருட்டுக்குத் தண்டிப்பார்கள் என்று பயந்து இத்தனை நாள் மூச்சுவிடவில்லை.

குழுவின் மேசையில் துணியை விரித்தார். "திருடினது நான்தான். கேஸ் போடுங்க. எந்த ரூம்ல திருடினேன்னும் சேர்த்து எழுதிக்குங்க."

அது ஆஸ்பெஸ்டாஸ் துணி என்று புரிந்ததும் அதிகாரிகள் இருவரும் விழுந்தடித்து வெளியே ஓடினார்கள். ஆதாரம் கேட்ட மகராசன்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழுவிலிருந்த டாக்டரம்மா மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, துணியைப் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, விண்ணப்பத்தில் சீல் வைத்தார். மாமனார் மீசையை முறுக்கினார்.

"இதுல இஸ்திரி போட்டது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நான்தான்" என்றார் மாமியார், பெருமையாக. "வாராவாரம் வெளிய கொண்டுபோய் நல்லா உதறிடுவேன். ஒரு தூசி இருக்காது."

டாக்டரம்மா இன்னொரு எக்ஸ்ரே சீட்டை எடுத்து மாமியாரின் வயதைக் கேட்டார்.

மாமனாரின் கை மீசையிலிருந்து இறங்கியது. "டாக்டர், அதை நான் எடுக்கவே இல்லைன்னு எழுதிக்க முடியுமா?"

மாமியார் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். "சும்மா இருங்க. இப்பதான் சீல் வச்சிருக்காங்க, கெடுத்துடாதீங்க."